எண்ணெய் குடித்த பிரேக் பேட்

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது நான் இல்லை, வேனின் பின் சீட்டில் இருந்த பிள்ளைகள்தான். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தோம். லிந்துலை தாண்டி, பாலத்துக்கு இறங்குகிற பள்ளத்தில் நான் பிரேக்கை மிதிக்கிறபோதெல்லாம் பின்னால் "கர்ர்ர்" என்று ஒரு கூட்டுக் குரல் கிளம்பியது. விளையாடுகிறார்கள் என்று நினைத்து, "சத்தம் போடாம வாங்கடா" என்றேன்.

"நாங்க இல்ல மாமா. வேன்தான் மொதல்ல சொல்லிச்சு. நாங்க பின்னாடி சொல்றோம்" என்றது ஒரு குரல்.

எல்லோரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு இன்னொரு தரம் மிதித்தேன். இந்தத் தடவை வேன் மட்டும் தனியாகச் சொன்னது. இரும்பை இரும்பு தேய்க்கிற சத்தம்.

என் பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு அதே வேனில்தான் இருந்தீர்கள். சின்னவள் முன்னால் என் பக்கத்தில், பெரியவன் பின்னால் அந்தக் கர்ர்ர் கூட்டத்தில். அடுத்து வந்த திங்கட்கிழமை எல்லோரையும் ஏன் நடக்க வைத்தேன் என்று பிறகு நீங்கள் கேட்டபோது, "வேன் பழுது" என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் முழுசும் இல்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன். வாயால் சொன்னால் நடுவில் ஒரு இடத்தை விட்டுவிட்டு ஓடிவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

மேக்கணக்கு, அதுதான் நம் தோட்டத்தின் மேல் பிரிவு, அங்கிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்கு என் வேனில் பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். அதில் இரண்டு நீங்கள். மற்ற ஒன்பது பிள்ளைகளின் தாய் தகப்பன் காலை ஆறரைக்குப் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்தால்தான் அவர்களுக்கு அன்றைய வேலை. பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக அவர்களுக்கு நேரம் இல்லை. பஸ் மேக்கணக்குக்கு ஏறாது. திங்கட்கிழமை தவணைப் பரீட்சை ஆரம்பம். ஆக வெள்ளிக்கிழமை பின்நேரம் வேனை லயத்தடியில், நம் வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில், நிறுத்திவிட்டு இறங்கும்போது என் தலைக்குள் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. திங்கட்கிழமை காலையில் இந்த வேனை நம்பிப் பிள்ளைகளை ஏற்றலாமா, கூடாதா?

நுவரெலியாவில் இருக்கிற ஏஜென்ட் கராஜுக்குப் போன் எடுத்தேன். ஒரு பொம்பளைப் பிள்ளை மிகவும் மரியாதையாகப் பேசியது. முன் சக்கர பிரேக் பேட் நாலும் மாற்ற வேண்டும், சத்தம் வந்திருந்தால் டிஸ்க் இரண்டும் மாற்ற வேண்டும், புதன்கிழமைதான் இடம் இருக்கிறது என்றது. பிறகு விலையைச் சொன்னது. நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் காதில் வைத்தேன். அவர்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன், அவர்கள் விலை அது. ஆனால் அந்த விலைக்கு இந்த வேன் ஒரு தவணை முழுக்க ஓட வேண்டும். விலையை விடுங்கள், புதன்கிழமை என்கிறார்களே. திங்களும் செவ்வாயும் யார் பொறுப்பு?

நானே மாற்றுவது என்று முடிவு எடுத்தேன். ஓயெல் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன்தான் நான், ஆனால் பத்து வருசம் கராஜ் வாசல்களில் நின்று பார்த்திருக்கிறேன். பிரேக் பேட் என்பது ஒரு இரும்புத் தகட்டில் ஒட்டிய கறுப்புக் கட்டி. சக்கரத்தோடு சேர்ந்து ஒரு வட்டத் தட்டு சுற்றுகிறது, அதுதான் டிஸ்க். நாம் மிதிக்கும்போது அந்தக் கறுப்புக் கட்டி இரண்டு பக்கமும் இருந்து தட்டைக் கவ்விப் பிடிக்கிறது. கறுப்பு தேய்ந்துபோனால் மாற்ற வேண்டியதுதான். பார்க்க லேசு. ஆனால் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கும் கையை வைக்கிறவனுக்கும் எவ்வளவு தூரம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை விடிந்ததும் சக்கரத்தைக் கழற்றினேன். வலப்பக்கத்து உள் பேடில் ஒரு மூலையில் கறுப்பே இல்லை, இரும்பு பளபளவென்று சிரித்தது. அதைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனேன்.

ஹட்டனில் உதிரிச் சாமான் கடை வைத்திருக்கிறவர் சிங்களவர். தமிழ் நம்மை மாதிரியே பேசுவார், கோபமோ சிரிப்போ வந்தால் மட்டும் சிங்களம். பேப்பரைப் பிரித்துப் பேடைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இதுல என்னா ஓட்டுனீங்க? வேனா, ரயிலா?"

"டிஸ்க்கும் மாத்தணும்னு ஏஜென்ட்டுல சொல்றாங்க மஹத்தயா" என்றேன். ஐயாவுக்குச் சிங்களத்தில் மஹத்தயா.

"டிஸ்க்கப் பாத்தாங்களா?"

"இல்ல, போன்ல."

"போன்லயே தெரியுதா? நல்ல போன்." பேடை மேசையில் வைத்தார். "வெரல் நகத்த டிஸ்க்குல வச்சு குறுக்க இழுத்துப் பாருங்க. நகம் மாட்டுனா மாத்துங்க. வழுக்கிட்டுப் போனா இன்னும் ஓடும்."

நான் வீட்டில் டிஸ்க்கைப் பார்க்காமலே வந்திருந்தேன். கடை வாசலில் நின்று உங்கள் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். சக்கரம் கழற்றின பக்கத்தில் குந்தி, அந்தத் தட்டில் நகத்தை வைத்து இழுத்துப் பார்க்கச் சொன்னேன்.

"வழுக்குதுங்க" என்றாள் உங்கள் அம்மா. பிறகு, "ஆனா என் நகம் கொழுந்து கிள்ளிக் கிள்ளித் தேஞ்ச நகம். இதுல எது மாட்டும்? வேற ஆளக் கூப்புடவா?" என்றாள். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டாள். அவரும் கொழுந்து எடுக்கிறவர்தான். மூன்றாவதாகப் பாலர் பாடசாலை டீச்சரைக் கூட்டிவந்து அவர் நகத்தை வைத்துப் பார்த்தார்கள். அதுவும் வழுக்கியது. டீச்சர் நகம் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கடைக்காரர் மூன்று விதம் எடுத்து வைத்தார். ஒன்று ஜப்பான் பெயர் போட்ட டப்பா. இரண்டாவது பெயர் தெரியாத டப்பா, ஆனால் நல்ல கனம். மூன்றாவதுக்கு டப்பாவே இல்லை, பொலித்தீன் பைதான். விலையில் அதுதான் இனித்தது. என் கை தானாக அதன் பக்கம் போனது.

"அது உங்களுக்கு இல்ல" என்று பையை இழுத்துக்கொண்டார். "அது கீழ்நாட்டுக்காரங்களுக்கு. அங்க ரோடு தட்டை. நீங்க எங்க ஓட்டுறீங்க? கிணத்துக்குள்ள எறங்குற மாதிரி ரோடு. இந்த நடுவுல இருக்கிறத எடுங்க."

நடுவில் இருந்ததை எடுத்தேன். ஏஜென்ட் சொன்னதில் கால்வாசிகூட வரவில்லை. அவ்வளவு குறைவாக இருந்ததே ஒரு பயமாக இருந்தது. "பயவெண்ட எப்பா" என்று சிரித்தார், பயப்படாதீங்க என்று. "கிரீஸ் கையோட கறுப்புப் பக்கத்தத் தொட்டுறாதீங்க. அவ்வளவுதான்."

வருகிற வழியெல்லாம் அந்தச் சொல்லையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். கிரீஸ் கை, கிரீஸ் கை. டப்பாவை மடியில் வைத்து அதன் மேல் என் மேல்சட்டையைக் கழற்றிப் போட்டு மூடியிருந்தேன். பக்கத்தில் இருந்த ஆள், "கேக்கா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வேலையைத் தொடங்குவதற்கு முன், டப்பாவை ரோதமுனியிடம் கொண்டுபோனேன். உங்களுக்குத் தெரியும், தேயிலை ஸ்டோரின், அதுதான் கொழுந்து அரைக்கிற ஆலையின், பின்சுவர் ஓரத்தில் மரத்தடியில் இருக்கிற கல்தான் ரோதமுனி. ரோதை என்றால் சக்கரம். ஸ்டோருக்குள் சுற்றுகிற எல்லாச் சக்கரத்துக்கும் அவர்தான் காவல். ரோலருக்குப் புது பெல்ட் வந்தால் முதலில் அவர் முன்னால்தான் வைப்பார்கள். உங்கள் மாமா, கொழுந்து லொறி ஓட்டுகிறவர், புது டயர் வந்தால் உருட்டிக்கொண்டே போய் அங்கே சாய்த்து வைத்துவிட்டுத்தான் மாட்டுவார். சக்கரத்தை நிறுத்துகிற சாமானை வைக்காமல் விடலாமா? உங்கள் அம்மா தேங்காயும் சூடமும் தந்துவிட்டாள்.

கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவிவிட்டுத்தான் டப்பாவைத் திறந்தேன். நாலு பேடையும் கல்லின் காலடியில் வரிசையாக வைத்தேன். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று ஒரு நிமிசம் யோசித்தேன். இரும்புப் பக்கத்தில் எழுத்தும் நம்பரும் அடித்திருந்தது. எழுத்து இருக்கிற பக்கம்தானே முகம்? சாமிக்கு முகத்தைத்தானே காட்ட வேண்டும்? எழுத்து மேலே பார்க்க, கறுப்புப் பக்கம் கீழே இருக்க வைத்தேன். சந்தனம் வைத்தேன், அதுவும் கறுப்பில் படாமல் இரும்பில்தான். அவ்வளவு கவனம். சூடம் அணைகிற வரைக்கும் கண்ணை மூடி நின்று, ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் படக்கூடாது என்று கேட்டேன்.

வேலையைப் பீலிக்குப் பக்கத்தில் இருக்கிற சமதரையில் வைத்துக்கொண்டேன். தண்ணீர் பிடிக்க வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். உங்கள் மாமா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து கல்லில் உட்கார்ந்தார்.

"மச்சான், கழட்டுற சாமானெல்லாம் வரிசையா வைங்க. மிஞ்சினா எனக்குத் தாங்க, லொறிக்கு ஆவும்."

"நீ பேசாம இருடா. கை நடுங்குது."

"கை நடுங்குற ஆளு பிரேக் வேல செய்யிறாரு. ரோதமுனி, நீதாம்ப்பா பாத்துக்கணும்."

பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, அதை மட்டும் நம்பாமல் கீழே மரக்கட்டையும் வைத்தேன். பேடைப் பிடிக்கிற இரும்புக் கவ்வியைக் கழற்றி, பிரேக் ஒயில் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டினேன். புதுப் பேட் கனமானது, அதற்கு இடம் வேண்டும். அதனால் உள்ளே இருக்கிற பிஸ்டனைத் தச்சுவேலைக் கிளாம்பால் மெள்ள மெள்ளப் பின்னால் தள்ளினேன். ஒவ்வொரு நட்டையும் இறுக்கிவிட்டு, இறுக்கினேனா என்று சந்தேகப்பட்டு மறுபடியும் இறுக்கினேன். வழக்கமாக ஒரு மணித்தியாலத்தில் முடிகிற வேலைக்கு எனக்குப் பாதிப் பகல் போனது.

முடித்துவிட்டு உங்கள் அம்மாவை டிரைவர் சீட்டில் ஏறச் சொன்னேன். "பிரேக்க மிதி."

மிதித்தாள். முகம் வெளுத்துப்போனது. "என்னாங்க, கீழ வரைக்கும் போவுது! ஒண்ணுமே இல்ல! பஞ்சு மாதிரி இருக்கு!"

எதையோ உடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். உங்கள் மாமாதான் இருந்த இடத்திலிருந்தே, "இன்னும் மிதி அக்கா, மிதி மிதி, பிஸ்டன் திரும்பி வரணும்ல" என்றார். அவள் மிதித்தாள். ஐந்தாவது ஆறாவது மிதியில், "ஆங், ஏறி வருது... இப்ப கல்லு மாதிரி நிக்குது" என்றாள். பிஸ்டனைப் பின்னால் தள்ளியவன் நான்தான். அது முன்னால் வரும்வரை பிரேக் பிடிக்காது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாரும் மிதித்துப் பார்க்காமல் அப்படியே வண்டியை எடுத்திருந்தால்? அதை நினைத்தபடி ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தேன்.

தோட்டத்து விளையாட்டு மைதானத்துக்கு வேனைக் கொண்டுபோனேன். மெதுவாக ஓட்டி மிதித்தேன். நின்றது. கொஞ்சம் வேகமாக ஓட்டி மிதித்தேன். நின்றது, ஆனால் மூக்கு இடப்பக்கம் திரும்பி நின்றது. மறுபடியும் ஓட்டினேன். மறுபடியும் இடப்பக்கம். ஸ்டியரிங்கை யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி.

நம் ரோட்டில் இறங்கும்போது இடப்பக்கம் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஒன்றும் இல்லை. தேயிலைக்கு மேலே வெறும் காற்றுதான்.

"மலிவுச் சாமான் மச்சான்" என்றார் உங்கள் மாமா. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

எனக்கும் அதுதான் தோன்றியது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார். இல்லை, நானே ஏமாந்தேன். நாலு காசு மிச்சம் பிடிக்கப் போய்ப் பதினொரு பிள்ளைகளின் உயிரோடு விளையாடிவிட்டேன். மறுபடியும் பீலியடிக்கு வந்து இரண்டு சக்கரத்தையும் கழற்றினேன். இடப்பக்கம் எல்லாம் சரி. வலப்பக்கம் டிஸ்க்குக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனதும் ஒரு வாசம் வந்தது. கராஜ் வாசம் இல்லை. தெரிந்த வாசம். வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்டு முடிந்து விளக்குத் திரி அணைகிறபோது வீட்டுக்குள் வருமே, அந்த வாசம்.

பேடை வெளியே எடுத்துப் பார்த்தேன். கறுப்பின் மேல் இன்னொரு கறுப்பு, மினுமினுவென்று, உள்ளங்கை அகலத்துக்கு. விரலால் தொட்டு மோந்தேன். தேங்காய் எண்ணெய்.

கழுவின கையோடு தூக்கிக்கொண்டு போய், முகம் என்று நினைத்ததை மேலே காட்டி, முகத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ரோதமுனியின் காலடிக் கல் எத்தனை வருசத்து விளக்கு எண்ணெய் வடிந்த கல்! மழை பெய்தாலும் அதில் தண்ணீர் ஒட்டாது. அதில் ஒரு குழியில் நின்ற எண்ணெயை ஒரு பேட் உட்கார்ந்து குடித்திருக்கிறது. கறுப்பில் கறுப்பு, கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் வலப்பக்கம் வழுக்குகிறது, இடப்பக்கம் மட்டும் பிடிக்கிறது, வண்டி இடப்பக்கம் போகிறது. கடைக்காரர் கிரீஸ் என்றுதானே சொன்னார். சாமி எண்ணெயும் எண்ணெய்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உங்கள் அம்மா வாயில் கையை வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் அடுத்தது அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாது. உங்கள் மாமாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. "டயர நான் சாச்சுத்தானே வைக்கிறேன் மச்சான், நீங்க ஏன் படுக்க வச்சீங்க?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவரே, "ஒண்ணும் இல்ல. உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க, பேப்பரக் கொளுத்தி வாட்டுங்க, எண்ணெய் எரிஞ்சிரும். லொறிக்காரங்க எத்தன பேரு செய்யிறாங்க" என்றார்.

செய்தேன். தேய்த்தேன், வாட்டினேன். புகை வந்தது, எண்ணெய் குமிழ் விட்டது, துடைத்தேன், மறுபடியும் வாட்டினேன். டிஸ்க்கைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மாட்டிக்கொண்டு மறுபடியும் மைதானம். நேராக நின்றது. இரண்டாவது தரமும் நேராக. ஸ்டோர் இறக்கத்தில் தனியாக இறங்கிப் பார்த்தேன். முதல் வளைவில் நேராக. இரண்டாவது வளைவிலும் நேராக. மூன்றாவதில், சூடு ஏறின பிறகு, கொஞ்சம் இழுத்தது. இழுத்ததா, என் கைதான் பயத்தில் திருப்பியதா? தெரியவில்லை. திரும்ப ஏறி மறுபடியும் இறங்கினேன். இந்தத் தடவை இழுக்கவில்லை. அல்லது இழுத்தது, நான் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"சரியாப்போச்சா?" என்று கேட்டார் உங்கள் மாமா.

"கொஞ்சமாத்தான் இழுக்குது."

"கொஞ்சம்னா பாத்து ஓட்டிக்கலாம். ரெண்டு நாள்ல தேஞ்சி சரியாயிரும்."

நான் வாயால் சொன்னால் விட்டுவிடுவேன் என்ற இடம் இதுதான்.

வேனுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தேன். மெதுவாகப் போகலாம், இரண்டாம் கியரிலேயே இறங்கலாம், ஹான்ட் பிரேக் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். நாளைக்குப் பரீட்சை. வேன் வராது என்று சொன்னால் ஒன்பது வீட்டிலும் முகம் சுளிப்பார்கள். அடுத்த மாதம் வேறு வேனைப் பார்த்துக்கொண்டால் என்ன செய்வேன்? போகத்தான் வேண்டும் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அப்போது ஒரு நினைப்பு வந்தது. நாளைக்கு மட்டும் உங்கள் இரண்டு பேருக்கும் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் நிறுத்திவிட்டால் என்ன?

அது வந்த வேகத்தைப் பார்த்து நானே பயந்துபோனேன். உங்களை ஏற்ற மாட்டேன் என்று என் மனது எப்போதோ முடிவு எடுத்துவிட்டது. மற்ற ஒன்பதுக்குத்தான் அது இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஒன்பது பிள்ளைகளும் காலையில் என்னை மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு ஏறுகிறவர்கள். நீங்கள் இதைப் படித்துவிட்டு என்ன நினைப்பீர்களோ தெரியாது. அப்பா அப்படி ஒருமுறை நினைத்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். உங்கள் அம்மாவிடம், "நாளைக்கு வேன் போவாது" என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. "நானும் அதத்தான் சொல்லலாம்னு இருந்தேன். நீங்களே சொன்னாத்தான் நல்லதுன்னு நின்னேன்" என்றாள்.

கடைக்காரருக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னதும் முதலில் சிரித்தார். "தெல் பீலா" என்றார், எண்ணெய் குடிச்சிருச்சு என்று. பிறகு குரல் மாறியது. "அண்ணே, தேச்சாலும் வாட்டினாலும் உள்ள குடிச்சது சூடு ஏற ஏற வெளிய வரும். புள்ளைங்க வேன்தானே? போடாதீங்க. நாளைக்குக் காலையில வாங்க. ஒண்ணு மட்டும் மாத்த ஏலாது, நாலும் புதுசாத்தான் போடணும். டிஸ்க் கழுவ மருந்தும் தாறேன்."

அந்திக்குள் ஒன்பது வீட்டுக்கும் நடந்தேன். பிரேக் சரியில்லை, நாளைக்கு வேன் எடுக்க மாட்டேன், ஆனால் பிள்ளைகளைப் பரீட்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு என்று சொன்னேன். ஒரு அம்மா கையில் இருந்த மாவைக்கூடத் தட்டாமல், "எப்படிண்ணே சேப்பீங்க?" என்று கேட்டார்.

"நடந்து. குறுக்கு ரோட்டால எறங்கி பஸ் புடிப்போம். ஆறு மணிக்கு ரெடியா நிக்கச் சொல்லுங்க."

"வேனுக்குக் காசு வாங்கிட்டு நடந்து கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார் உள்ளேயிருந்து அவர் புருசன். "நல்ல தொழில்தான். நாளைக்கி நானும் வேன் ஓட்டுறேன், வேன் இல்லாமலே."

அவர் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிண்ணே, மழச் சட்டை போட்டு அனுப்புறோம்" என்றார்.

இரண்டு வீட்டில் கோபப்பட்டார்கள். ஒரு வீட்டில் என்னை உட்காரச் சொல்லாமலே கதவடைத்தார்கள். அந்தக் கோபமெல்லாம் நியாயம்தான்.

திங்கட்கிழமை நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உங்களுக்கு அது ஒரு சுற்றுலா. பனிக்குள் தேயிலைக்கு நடுவில் வரிசையாக இறங்கினோம். முன்னால் நான், கடைசியில் உங்கள் அம்மா. அதற்காகவே அவள் அன்றைக்குப் பெரட்டுக்குப் போகவில்லை. நான் ஒவ்வொரு படிக்கட்டிலும் திரும்பித் திரும்பித் தலைகளை எண்ணினேன். பத்து வந்தால் நெஞ்சு நின்றுவிடும், பிறகு ஒரு தலை செடிக்குப் பின்னாலிருந்து எழும்பும். பஸ் நெரிசலில் எண்ண முடியவில்லை. டவுனில் இறக்கி நிறுத்தி எண்ணினேன், பதினொன்று. மணி அடிப்பதற்கு முன்னால் உள்ளே அனுப்பிவிட்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன்.

இரண்டாவது தரம் வாங்கின பேடையும் சேர்த்துப் பார்த்தாலும் ஏஜென்ட் விலையில் பாதிகூட இல்லை. ஆனால் அதில் எனக்கு ஒரு சந்தோசமும் வரவில்லை. பின்நேரம் உங்களையெல்லாம் உங்கள் அம்மா கூட்டிவந்தாள், நான் ஹட்டனிலிருந்து வந்து அந்தி வரைக்கும் வேலை செய்தேன். டிஸ்க்கை மருந்து போட்டு வெள்ளைத் துணியில் அழுக்கு ஒட்டாத வரைக்கும் துடைத்தேன். பேடை டப்பாவிலிருந்து நேராகச் சக்கரத்துக்குத்தான் எடுத்தேன். உங்கள் அம்மா மட்டும் ஒரு தரம், "சாமிகிட்ட காட்டாமலா?" என்று கேட்டாள்.

"மாட்டுனதுக்கப்புறம் வேனையே கொண்டுபோய்க் காட்டுவோம்."

"தூரமா நிப்பாட்டிக் காட்டுங்க" என்றாள்.

முடிந்ததும் ஸ்டோர் இறக்கத்தில் இறங்கப் புறப்பட்டேன். கதவைத் திறந்துகொண்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். வேண்டாம், முதலில் நான் தனியாகப் போய்ப் பார்க்கிறேன் என்றேன்.

"நேத்து மிதிச்சவ நான்தான், இன்னைக்கும் நான்தான் மிதிச்சேன். எனக்கும் தெரியணும்ல" என்றாள்.

நாலு தரம் இறங்கி ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் நான் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் மட்டும் தொட்டுக்கொண்டு மிதித்தேன், இழுத்தால் தெரியட்டும் என்று. இழுக்கவில்லை. நாலாவது தரம், கடைசி வளைவில், சக்கரத்தில் நல்ல சூடு ஏறின பிறகு, இறங்கிப் போய்க் குனிந்து மோந்து பார்த்தேன். சூட்டு வாசம்தான், வேறு ஒன்றும் இல்லை. உங்கள் அம்மாவும் இறங்கி வந்து மோந்து பார்த்தாள். ரோட்டில் போனவர்கள் இந்தப் புருசன் பொண்டாட்டிக்கு என்ன ஆயிற்று என்று பார்த்திருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பதினொரு பேரும் ஏறினீர்கள். உங்கள் இருவரையும் வழக்கமான இடத்தில்தான் உட்கார வைத்தேன். பாலத்துப் பள்ளம் வருவதற்கு வெகுதூரம் முன்னாலேயே மிதிக்க ஆரம்பித்தேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹோன் அடித்து அடித்து ஓய்ந்துபோனான். வேன் நேராகத்தான் இறங்கியது. ஆனாலும் என் கால் மிதியை விட்டு எழும்பவில்லை. பெரியவன் பின்னாலிருந்து, "அப்பா, வேகமா போங்க, நடந்தே நேத்து இதவிட சீக்கிரம் போனோம்" என்று கத்தினான்.

நான் கண்ணாடியில் இன்னொரு தரம் தலைகளை எண்ணிவிட்டு, அதே வேகத்தில் ஓட்டினேன்.